வண்ண மீன் தொட்டிக்கு எத்தனை வாட் ஹீட்டர்? நீலகிரிக்கு ஒரு தனிக் கணக்கு

பசுந்தேயிலை விலை நிலையாக இல்லாத காலத்தில் வீட்டளவில் ஒரு துணைத்தொழில் வேண்டும் என்று நினைக்கும் நீலகிரி சிறு விவசாயிகளும் மகளிர் குழுவினரும் வண்ண மீன் வளர்ப்பைப் பற்றி அதிகம் விசாரிக்கிறார்கள். இடம் குறைவாகப் போதும், நேரமும் அதிகம் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் சென்னை கொளத்தூர் போன்ற சமவெளிப் பகுதிகளில் நன்றாக வளரும் மீன், ஊட்டியில் மார்கழிப் பனிக்கு ஒரே இரவில் சுருண்டுவிடக் கூடும். அதைத் தடுப்பதற்கு உள்ள கருவி ஹீட்டர். அதன் அளவைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

'ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு வாட்' என்பது கடைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 50 லிட்டர் தொட்டிக்கு 50 வாட், 100 லிட்டர் தொட்டிக்கு 100 வாட். நினைவில் வைத்துக்கொள்ள எளிதான கணக்கு. ஆனால் இதில் தொட்டியின் அளவு மட்டும் இருக்கிறது. தொட்டி இருக்கும் அறையின் குளிர் இல்லை. கோவையிலும் ஊட்டியிலும் ஒரே அளவுத் தொட்டிக்கு ஒரே ஹீட்டர் என்றால், கோவையில் அது தேவைக்கு மேல், ஊட்டியில் போதாது.

முதலில் மீனைத் தேர்ந்தெடுங்கள்

எந்த மீனுக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று தெரியாமல் ஹீட்டர் வாங்குவது, பயிரை முடிவு செய்யாமல் உரம் வாங்குவது போன்றது. கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டி போடும் மீன்களுக்கு 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் ஏற்றது. ஃபைட்டர், ஏஞ்சல் மீன்களுக்கு 26 முதல் 28 டிகிரி. டிஸ்கஸ் மீனுக்கு 28 டிகிரிக்குக் குறையக் கூடாது. கோல்டு ஃபிஷ், கோய் கெண்டை இரண்டும் குளிர்நீர் மீன்கள். 15 முதல் 22 டிகிரியில் நன்றாக இருக்கும். அதற்குக் கீழே போனாலும் தாங்கும். குளிர் கூடும்போது தீவனம் எடுப்பது குறையும், வளர்ச்சி மெதுவாகும், அவ்வளவுதான்.

இந்த மலைக்கு மீன் கொண்டுவந்தவர்களின் அனுபவமும் இதைத்தான் சொல்கிறது. 1863-ல் பிரான்சிஸ் டே டிரவுட் மீனை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார்; அது பலிக்கவில்லை. பிறகு 1907-ல் அவலாஞ்சியில் டிரவுட் பொரிப்பகம் அமைந்தது. 20 டிகிரிக்குக் கீழே உள்ள ஓடை நீரே டிரவுட்டுக்கு ஏற்றது என்பதால் அவலாஞ்சியின் குளிர் அதற்கு உதவியாக இருந்தது. 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவரப்பட்ட கண்ணாடிக் கெண்டையும் குளிர் தாங்கும் இனம்தான். இந்த நீருக்கு ஏற்ற மீன்தான் இங்கே நிலைத்தது. அந்த நாளில் ஹீட்டர் இல்லை, இன்று இருக்கிறது. ஆனால் ஹீட்டருக்கு மின்கட்டணம் உண்டு.

எனவே புதிதாகத் தொடங்குபவர்கள், குறிப்பாக ஊட்டி, குந்தா பகுதியினர், கோல்டு ஃபிஷ், கோய் கெண்டையில் தொடங்குவது நல்லது. ஹீட்டர் செலவு இல்லாமல் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம். வெப்பமண்டல மீன்தான் வேண்டும் என்றால் கீழே உள்ள கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

அறையின் குளிரை அளப்பது எப்படி?

கடல் மட்டத்திலிருந்து ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்திலும், குன்னூர் 1,850 மீட்டர் உயரத்திலும், கூடலூர் ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலும் உள்ளன. ஒரே மாவட்டம்தான் என்றாலும் மூன்று ஊருக்கும் குளிர் வேறு. ஒரே ஊரிலேயே பள்ளத்தில் உள்ள வீட்டுக்கும் மேட்டில் உள்ள வீட்டுக்கும், ஓட்டு வீட்டுக்கும் கான்கிரீட் வீட்டுக்கும் வேறுபாடு உண்டு. உறைபனி பள்ளத்தில்தான் முதலில் இறங்கும் என்பது கேரட், உருளைக்கிழங்கு போடும் விவசாயிக்குத் தெரிந்ததே.

செய்தியில் சொல்லப்படும் வெப்பநிலை வெளியில் எடுத்தது. நமக்கு வேண்டியது தொட்டி வைக்கப்போகும் அறையில், விடியற்காலை இருக்கும் வெப்பநிலை. அதற்கு ஓர் அதிகபட்ச–குறைந்தபட்ச வெப்பமானி போதும். பசுமைக்குடில் வைத்திருப்பவர்களிடம் இது ஏற்கெனவே இருக்கும். தொட்டி வைக்கும் உயரத்தில் மாட்டி, டிசம்பர், ஜனவரி மாதங்களில் தினமும் காலையில் குறைந்தபட்ச அளவைக் குறித்துவாருங்கள். அதில் மிகக் குறைந்த அளவுதான் நம் கணக்குக்கு அடிப்படை. சராசரியை எடுக்காதீர்கள். மீன் சாவது சராசரி இரவில் அல்ல, மிகக் குளிரான இரவில்.

கணக்கு இதுதான்

மீனுக்கு வேண்டிய நீர் வெப்பத்திலிருந்து அறையின் மிகக் குறைந்த வெப்பத்தைக் கழியுங்கள். கிடைப்பது வெப்ப வித்தியாசம். அதைத் தொட்டி நீரின் லிட்டர் அளவால் பெருக்கி, 10-ஆல் வகுங்கள். வருவது வெப்ப இழப்பை ஈடுகட்டத் தேவையான வாட். அதோடு கால் பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கு 50, 60 லிட்டர் பிடிக்கும் சாதாரணக் கண்ணாடித் தொட்டிக்கு, மேலே கண்ணாடி மூடியும் அடியில் தெர்மாகோல் அட்டையும் இருக்கும் நிலையில் பொருந்தும். 200 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டி என்றால் 10-க்குப் பதில் 15-ஆல் வகுக்கலாம். தொட்டி பெரிதாகப் பெரிதாக, உள்ளே இருக்கும் நீரின் அளவோடு ஒப்பிட்டால் வெப்பத்தை வெளியே விடும் கண்ணாடிப் பரப்பு குறைவு என்பதே காரணம். 100 லிட்டர் போன்ற இடைப்பட்ட தொட்டிக்கு 10-ஆல் வகுப்பதே பாதுகாப்பு.

மூன்று ஊருக்கும் 50 லிட்டர் கப்பித் தொட்டியை வைத்துப் பார்ப்போம். நீர் 25 டிகிரியில் இருக்க வேண்டும். அறை வெப்பம் எடுத்துக்காட்டுக்காகத் தரப்பட்டது. உங்கள் அளவை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

கூடலூரில் அறை 18 டிகிரி வரை இறங்குகிறது என்றால், வித்தியாசம் 7. 50 × 7 ÷ 10 = 35 வாட். கால் பங்கு சேர்த்தால் 44. கடையில் கிடைக்கும் 50 வாட் ஹீட்டர் சரியாக இருக்கும்.

குன்னூரில் 14 டிகிரி என்றால், வித்தியாசம் 11. 55 வாட், கால் பங்கு சேர்த்தால் 69. எனவே 75 வாட்.

ஊட்டியில் 8 டிகிரி என்றால், வித்தியாசம் 17. 85 வாட், கால் பங்கு சேர்த்தால் 106. 100 வாட் சற்றுக் குறைவு. 150 வாட் வேண்டும். இரண்டு 75 வாட் ஹீட்டர் போட்டால் இன்னும் நல்லது. காரணம் பின்னால் வருகிறது.

'லிட்டருக்கு ஒரு வாட்' என்பது வெப்ப வித்தியாசம் 10 டிகிரியாக இருக்கும் வீட்டுக்கான கணக்கு என்பது இப்போது புரியும். அதை அப்படியே ஊட்டியில் பின்பற்றினால், 50 வாட் ஹீட்டர் இரவு முழுவதும் அணையாமல் எரிந்தும் நீர் 18 டிகிரியைத் தாண்டாது.

உங்கள் தொட்டியை நீங்களே சோதியுங்கள்

உரம் போடும் முன் மண் பரிசோதனை செய்வது போல, மீன் விடும் முன் தொட்டியையும் சோதித்துவிடலாம். தொட்டியில் நீர் நிரப்பி, வெந்நீர் கலந்து 25 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். மூடியைப் போடுங்கள். இரவில் அறை நன்றாகக் குளிர்ந்த நேரத்தில் நீரின் வெப்பத்தைக் குறித்து, இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். ஒரு மணிக்கு எத்தனை டிகிரி இறங்கியது என்று கண்டு, அதை லிட்டரால் பெருக்கி, 1.16-ஆல் மேலும் பெருக்குங்கள். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 வாட்–மணி மின்சாரம் தேவை என்பதால் இந்தப் பெருக்கல்.

50 லிட்டர் தொட்டி இரண்டு மணியில் 3 டிகிரி இறங்கினால், மணிக்கு 1.5 டிகிரி. 50 × 1.5 × 1.16 = 87 வாட். அந்த அறை வெப்பத்தில் அந்தத் தொட்டி இழப்பது அவ்வளவு. சோதித்த இரவைவிடக் குளிரான இரவுகள் வரும் என்றால் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.

குறைந்த மின்னழுத்தம் – கண்ணுக்குத் தெரியாத எதிரி

ஹீட்டரில் எழுதியிருக்கும் வாட், 230 வோல்ட் கிடைத்தால்தான் கிடைக்கும். மலைக்கிராமங்களில் மின்மாற்றியிலிருந்து தொலைவில் உள்ள வீடுகளில் மின்னழுத்தம் இறங்குவது உண்டு. மின்னழுத்தம் குறையும்போது ஹீட்டரின் வெப்பம் அதே விகிதத்தில் குறையாது; அதைவிட வேகமாகக் குறையும். 180 வோல்ட் வந்தால் 100 வாட் ஹீட்டர் தருவது 61 வாட்தான். 160 வோல்ட் என்றால் 48 வாட். விளக்கு எரிகிறது, ஹீட்டரின் சிவப்பு விளக்கும் எரிகிறது. ஆனால் நீர் மட்டும் குளிர்கிறது. என்ன கோளாறு என்று தெரியாமல் ஹீட்டரைக் குறை சொல்வோம்.

இரவு நேரத்தில் எலெக்ட்ரீஷியனைக் கொண்டு மின்னழுத்தத்தை ஒருமுறை அளந்துவிடுங்கள். 180 வோல்ட் வரை இறங்கும் வீடு என்றால், கணக்கில் வந்த வாட்டை 0.61-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். ஊட்டி எடுத்துக்காட்டில் 106 வாட் தேவை, 174 வாட் ஆகிவிடும். அங்கே இரண்டு 100 வாட் ஹீட்டர் போட வேண்டும், அல்லது ஸ்டெபிலைசர் வைக்க வேண்டும்.

பெரிய ஹீட்டர் போட்டால் என்ன?

'எதற்கு இவ்வளவு கணக்கு? 300 வாட் போட்டுவிட்டால் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளாதா?' என்று சிலர் கேட்பார்கள். தெர்மோஸ்டாட் வேலை செய்யும் வரை பார்த்துக்கொள்ளும். அதன் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டு, ஹீட்டர் அணையாமல் போவதுதான் இந்தக் கருவியில் மீனைக் கொல்லும் பழுது. அறை 20 டிகிரி இருக்கும் ஒரு பகலில் 50 லிட்டர் தொட்டியில் 300 வாட் ஹீட்டர் அப்படி மாட்டிக்கொண்டால், இரண்டரை மணி நேரத்துக்குள் நீர் 25-லிருந்து 35 டிகிரிக்குப் போய்விடும். தோட்டத்துக்குப் போய்த் திரும்பும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதே இடத்தில் 75 வாட் ஹீட்டர் மாட்டிக்கொண்டால், ஆறு மணி நேரம் கழித்தும் நீர் 29 டிகிரி அளவில்தான் இருக்கும். நீங்கள் வந்து பார்க்க நேரம் கிடைக்கும்.

இதனால்தான் ஒரு பெரிய ஹீட்டருக்குப் பதில் இரண்டு சிறியவை என்று சொல்கிறோம். ஒன்று அணையாமல் போனாலும் மெதுவாகத்தான் சூடேறும். ஒன்று எரியாமல் போனாலும் மற்றது ஓரளவு காக்கும். இரண்டையும் தொட்டியின் இரு முனைகளில் வையுங்கள்.

வாட்டைக் கூட்டும் முன் இழப்பைக் குறையுங்கள்

தொட்டியின் பின்புறத்துக்கும் இரு பக்கங்களுக்கும் ஓர் அங்குல தெர்மாகோல் அட்டை ஒட்டினால், பார்ப்பதற்கு முன்கண்ணாடி அப்படியே இருக்கும். வெப்ப இழப்பு மட்டும் ஏறக்குறைய 40 சதவீதம் குறையும். ஊட்டித் தொட்டியின் 85 வாட் இழப்பு 50 வாட் அளவுக்கு இறங்கிவிடும். எந்த ஹீட்டரைவிடவும் இதற்கு ஆகும் செலவு குறைவு.

மூடி இல்லாத தொட்டியில் மேற்பரப்பு வழியான இழப்பு இரண்டு, மூன்று மடங்காகும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகிப் போனால், அதோடு ஏறக்குறைய 0.68 யூனிட் மின்சாரத்தின் வெப்பமும் போகிறது. ஆகவே மூடி கட்டாயம். காற்றுக்குழாய் நுழைய ஒரு மூலையில் சிறு இடைவெளி விட்டால் போதும்.

தொட்டியை வெளிச்சுவரை ஒட்டியும் ஜன்னல் அருகிலும் வைக்காதீர்கள். சமையலறையை ஒட்டிய உள்சுவர்ப் பக்கம் நல்லது. ஆனால் விறகடுப்புப் புகை படக் கூடாது. காற்று பம்ப் புகையையும் நீருக்குள் இழுத்துவிடும்.

நீர் மாற்றுவதிலும் கவனம் வேண்டும். 25 டிகிரி நீரில் கால் பங்கை எடுத்துவிட்டு 10 டிகிரி குழாய் நீரை ஊற்றினால், தொட்டி உடனே 21 டிகிரி அளவுக்கு இறங்கும். மிகக் குளிரான நேரத்தில் 100 வாட் ஹீட்டரில் இழப்பை ஈடுகட்டியது போக மிஞ்சுவது 15 வாட்தான். பழைய நிலைக்கு வர அரை நாளுக்கு மேல் ஆகும். இப்படித் திடீரென்று குளிரும் தொட்டியில்தான் உடலில் உப்புத் தூவியது போன்ற வெண்புள்ளி நோய் தோன்றும். மாற்றும் நீரில் வெந்நீர் கலந்து, தொட்டி நீரின் வெப்பத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஊற்றுங்கள். அதையும் நண்பகலில் செய்யுங்கள்.

மின்வெட்டு வந்தால்

ஊட்டி எடுத்துக்காட்டில், தெர்மாகோல் ஒட்டாத 50 லிட்டர் தொட்டி நான்கு மணி நேர மின்வெட்டில் 25-லிருந்து 20 டிகிரிக்கு இறங்கும். தெர்மாகோல் ஒட்டியிருந்தால் 22 டிகிரிக்கு அருகில் நிற்கும். மின்சாரம் போனதும் முன்கண்ணாடியையும் மூடியையும் கம்பளியால் போர்த்துங்கள். நீண்ட நேரம் வராது என்று தெரிந்தால், கை பொறுக்கும் சூட்டில் நீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில்களை மூடி, தொட்டியில் மிதக்க விடுங்கள். கொதிநீரை நேராக ஊற்றக் கூடாது. தீவனத்தையும் நிறுத்திவையுங்கள், குளிரில் மீனின் செரிமானம் குறையும், தின்னாத தீவனம் நீரைக் கெடுக்கும்.

பொருத்தும்போது

நீரோட்டம் உள்ள இடத்தில், வடிகட்டியின் அருகே, நீர்மட்டம் குறைந்தாலும் வெளியே தெரியாத ஆழத்தில் ஹீட்டரைப் பொருத்துங்கள். வெப்பமானியை எதிர் முனையில் வையுங்கள். ஹீட்டரில் உள்ள எண்ணை நம்பாமல் வெப்பமானியைப் பார்த்து அளவைச் சரிசெய்யுங்கள். தொட்டிக்குள் கை விடும் முன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் எடுத்துவிடுங்கள். சூடான ஹீட்டர் நீருக்கு வெளியே வந்தால் கண்ணாடி வெடிக்கும். அணைத்து இருபது நிமிடம் கழித்தே நீரை இறைக்க வேண்டும். ஒயர் பிளக்கைவிடத் தாழ்ந்து தொங்கி மேலே ஏறும்படி விடுங்கள்; ஒயரில் வழியும் நீர் பிளக்குக்குப் போகாமல் கீழே சொட்டிவிடும். எர்த் இணைப்பும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் சுவிட்சும் இல்லாத வீட்டில் ஹீட்டர் போட வேண்டாம்.

தொழிலாகச் செய்தால் கட்டுபடியாகுமா?

ஊட்டிக் குளிர்காலத்தில் பகலும் இரவும் சேர்த்துச் சராசரி வெப்ப வித்தியாசம் 12 டிகிரி என்று வைத்தால், 50 லிட்டர் தொட்டி ஒன்றுக்கு நாளைக்கு 1.44 யூனிட் ஆகும். இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டில் பெரும்பகுதியை ஒரு தொட்டியே எடுத்துக்கொள்ளும். தெர்மாகோல் ஒட்டினால் 52 யூனிட்டில் முடியும். பத்துத் தொட்டி என்றால் 860-க்கும் 520-க்கும் உள்ள வித்தியாசம். லாபமா நட்டமா என்பது இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. விற்பனைக்காக வளர்ப்பவர்கள் எந்தக் கட்டண வகையில் வருவோம் என்பதையும் மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பத்துத் தொட்டிக்கு மேல் வைப்பவர்கள் தொட்டிக்குத் தொட்டி ஹீட்டர் போடுவதைவிட, ஒரு சிறிய அறையின் சுவருக்கும் கூரைக்கும் தெர்மாகோல் அடித்து, அறையையே சூடாக வைத்திருப்பது நல்லது. தொட்டிகளை அடுக்கி, ஒன்றோடொன்று ஒட்டி வைத்தால் இழப்பு மேலும் குறையும். கொய்மலர் பசுமைக்குடில் காலியாக இருக்கிறதே, அதில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பகலில் சூடு பிடிக்கும். ஆனால் ஒற்றைப் பாலித்தீன் போர்த்திய குடில் விடியற்காலையில் ஏறக்குறைய வெளிக்குளிருக்கே இறங்கிவிடும். கோய் கெண்டைக்குச் சரி, கப்பிக்குச் சரிவராது.

பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் புறக்கடை வண்ண மீன் வளர்ப்பு அலகுக்கு 3 லட்சம் ரூபாய் திட்ட மதிப்பில், பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும் பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம் என வகுக்கப்பட்டது. இப்போதைய நிலவரத்தை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு அறியலாம். விண்ணப்பிக்கும்போது திட்டச் செலவில் தெர்மாகோல், மூடி, வெப்பமானி ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். சமவெளிக்குத் தயாரித்த திட்ட அறிக்கையில் இவை இருக்காது. விரிவாக்கப் பணியாளர்களும் ஒரே அறிக்கையைக் கூடலூருக்கும் ஊட்டிக்கும் பொதுவாகத் தராமல், ஊருக்கு ஊர் மின்செலவைக் கணக்கிட்டுத் தர வேண்டும்.

ஒரு வேண்டுகோள். வளர்க்க முடியவில்லை என்று எந்த மீனையும் ஓடையிலோ ஏரியிலோ விடாதீர்கள். கோல்டு ஃபிஷ், கோய் கெண்டை போன்ற குளிர் தாங்கும் மீன்கள் இங்கே பிழைத்துப் பெருகி, ஓடையின் சொந்த மீன்களுக்குப் போட்டியாகிவிடும். வேறு வளர்ப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

குளிர்காலம் தொடங்கும் முன்பே வெப்பமானியை வாங்கி அறையில் மாட்டிவிடுங்கள். ஒரு குளிர்காலக் குறிப்பு கையில் இருந்தால், எந்த மீன், எத்தனை வாட், எவ்வளவு மின்கட்டணம் என்ற மூன்று கேள்விக்கும் கடைக்காரரிடம் போகும் முன்பே விடை தெரிந்துவிடும்.